மேட்டுப்பாளையத்தில் இறங்குங்கள்: புதுக்கோட்டை மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் டூர் பேச்சு கிளம்பிவிடும். கன்னியாகுமரியா, கொடைக்கானலா, ஊட்டியா என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். தலைமையாசிரியருக்கு அனுமதிக் கடிதமும் பெற்றோர் ஒப்புதலும் கவலை. கடைசியில் பல பள்ளிகள் ஊட்டியில்தான் போய் நிற்கும். கீரனூர் வட்டாரத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த ஊட்டிப் பயணத்தைப் பற்றி உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இந்த மடல். பேருந்தை மேட்டுப்பாளையத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகளை அங்கிருந்து குன்னூர் வரைக்கும் மலை ரயிலில் ஏற்றி அனுப்புங்கள். மிச்ச ஊட்டியை வழக்கம்போலப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது என்ன நடக்கிறது? இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் பேருந்து மேட்டுப்பாளையத்தைத் தாண்டும்போது பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் நாலு பேருக்கு வாந்தி. மேலே போனதும் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, சாக்லேட் கடை. மலை ரயில் பட்டியலில் இருந்தாலும், ஊட்டியில் ஏறிக் குன்னூரில் இறங்கும் சின்னச் சவாரியாகத்தான் இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் கண்ணுக்கு விருந்து. ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியை எடுத்த இடம் என்று கேத்தியைக் காட்டினால் உடன் வரும் பெற்றோர்கூட எட்டிப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்தப் பகுதியில் வண்டியை இழுப்பது டீசல் எஞ்சின். பாதையும் சாதாரண மீட்டர் கேஜ்தான். அகலப்பாதை வருவதற்கு முன்பு கீரனூரிலும் புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் கிடந்த அதே அளவு. அந்த ரயிலில் இல்லாத ஒன்று குன்னூருக்குக் கீழே இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 19 கிலோமீட்டர் தூரத்துக்கு, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைப் பற்றிக்கொண்டு மலை ஏறுகிறது. இந்தியாவில் இப்படி ஒரு பயணிகள் ரயில் வேறெங்கும் இல்லை. ஊட்டிவரை போய் இதைப் பார்க்காமல் திரும்புவது, நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அநியாயம்.

முதலில் பாதையின் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் 2,203 மீட்டர். நடுவில் சுமார் 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம் சொச்சம். பல் பாதையில் வண்டி மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. சைக்கிளில் பள்ளிக்கு வரும் பையன் இதை முந்திவிடுவான். கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குப் பின்னால்தான் வரும்.

பதிலைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பள்ளியில் தொடங்கலாம். தேர்தலில் வாக்குச்சாவடியாகும் பள்ளிகளில், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகச் சாய்தளம் கட்டியிருப்பார்கள். விதிப்படி அதன் சாய்வு 12-க்கு 1. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓரடி உயரம். நீலகிரி மலை ரயில் ஏறும் மிகச் செங்குத்தான சாய்வும் அதே 12-க்கு 1 தான். பிள்ளைகளைச் சாய்தளத்துக்கு அழைத்துப் போய் அளக்கச் சொல்லுங்கள். கோணத்தைக் கணக்கிட்டால் ஐந்து டிகிரிகூட வராது. இதையா செங்குத்து என்கிறார்கள் என்று அவர்கள் கேட்க வேண்டும். சமவெளி ரயில் பாதையில் 100-க்கு 1 ஏற்றம் வந்தாலே அதை ஏற்றம் என்று கணக்கில் வைப்பார்கள் என்பதை அப்போது சொல்லுங்கள்.

பிளஸ் ஒன் இயற்பியலில் ‘இயக்க விதிகள்’ பாடத்தில் சாய்தளமும் உராய்வும் வருகின்றன. மரக்கட்டையைச் சாய்தளத்தில் வைத்த படத்தைக் கரும்பலகையில் போட்டு நடத்துவோம். இந்த ஒரு முறை மரக்கட்டைக்குப் பதில் ரயிலை வையுங்கள். கணக்குக்காக எஞ்சின் 50 டன், பெட்டிகள் 50 டன், மொத்தம் 100 டன் என்று கொள்வோம். 12-க்கு 1 சாய்வில் அந்த வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 8 டன் எடைக்குச் சற்று மேலே. உலர்ந்த தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்தின் பிடிப்பு, அதன்மேல் அழுத்தும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. எஞ்சினின் எடை முழுவதும் இயக்கும் சக்கரங்களில் விழுகிறது என்றே வைத்தாலும் 12 டன் சொச்சம்தான் கிடைக்கும். தட்டுத்தடுமாறி ஏறிவிடலாம். மழை பெய்து கம்பி நனைந்தால், ஈர இலை விழுந்து நசுங்கினால், பிடிப்பு பத்தில் ஒரு பங்காகக் குறையும். அப்போது 5 டன். தேவை 8, கையில் இருப்பது 5. சக்கரம் நின்ற இடத்தில் சுழலும். வண்டி பின்னால் வழுக்கும்.

நீலகிரியில் மழையும் பனியும் இல்லாத மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே உராய்வை நம்பி அங்கே ரயில் விட முடியாது. உராய்வின் வேலையைப் பல்லிடம் கொடுத்தார்கள். பல் ஈரத்தில் வழுக்காது. இவ்வளவுதான் தத்துவம். ஆனால் இந்த வரியை நோட்டில் எழுதிய பிள்ளை, கல்லாறு தாண்டியதும் பெட்டிக்கு அடியிலிருந்து எழும் கரகர ஓசையைக் கேட்கும்போது, தான் போட்ட கணக்குதான் காலுக்குக் கீழே ஓடுகிறது என்று உணரும். வகுப்பறையில் நான் எத்தனை விதமாகச் சொல்லியும் வராத தெளிவு அது.

இன்னொரு கணக்கும் உண்டு. கல்லாறு சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,700 மீட்டர். அந்த 100 டன்னை 1,300 மீட்டர் தூக்க ஆகும் வேலை எவ்வளவு? ஜூலில் கணக்கிட்டு, பிறகு வீட்டு மின்சார யூனிட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஏறக்குறைய 350 யூனிட் வரும். மின்வாரிய அட்டையை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பார்த்தால், அது தங்கள் வீட்டுக்கு எத்தனை மாதச் செலவு என்று தெரிந்துவிடும். நீராவி எஞ்சின் தான் எரிக்கும் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றாது. மற்றதெல்லாம் புகைபோக்கி வழியே போய்விடும். வெப்ப இயக்கவியல் பாடத்தில் ‘பயனுறுதிறன்’ என்று மனப்பாடம் செய்கிறார்களே, அதில் சேராத வெப்பம் குன்னூர் மலைச்சரிவில் வெள்ளைப் புகையாக மேலே போவதைக் காட்டலாம்.

பழனி போய்வந்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகும் ஊர்கள் நம்முடையவை. அவர்களில் யாராவது, “பழனி விஞ்ச் மாதிரியா சார்?” என்று கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்வி. விஞ்ச்சில் பெட்டிக்கு எஞ்சின் கிடையாது. மேலே இருக்கும் எந்திரம் கம்பி வடத்தைச் சுற்ற, பெட்டி இழுபட்டு ஏறும். வடத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் எல்லை. பல் ரயில் தன் பலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஏறுகிறது. அதனால் வளையலாம், சுரங்கத்துக்குள் நுழையலாம், பாலம் தாண்டலாம், நடுவழியில் நின்று தண்ணீர் குடிக்கலாம். விஞ்ச் ஏறுவது குன்றை. இந்த ரயில் ஏறுவது மலைத்தொடரை.

மேட்டுப்பாளையத்தில் வண்டி காலை ஏழு மணி சுமாருக்குக் கிளம்பும். அதற்கு முன்பே போய் எஞ்சினைப் பக்கத்தில் நின்று பார்க்கவிடுங்கள். ‘எக்ஸ்’ வகுப்பு எஞ்சின் அது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த முதல் எஞ்சின்கள் 1914 முதல் வந்தன; கடைசித் தொகுதி 1952-இல் வந்தது. பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டிரண்டு சிலிண்டர்கள் தெரியும். கீழே உள்ளது சாதாரணச் சக்கரங்களுக்கு, மேலே உள்ளது பல்சக்கரத்துக்கு. சமவெளியில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். பல் பாதையில் நுழைந்ததும், கீழ்ச் சிலிண்டரில் ஒரு தடவை உழைத்து முடித்த நீராவியை வெளியே விடாமல் மேல் சிலிண்டருக்குத் திருப்பி இன்னொரு தடவை உழைக்க வைப்பார்கள். ஒரே ஆவிக்கு இரண்டு வேலை. சிக்கனம் என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தர நம்மிடம் வேறு கருவி இல்லை.

எஞ்சின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஏறும்போது அது பின்னால் இருக்கும். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கிக்கொண்டு வரும். இரண்டு சமயத்திலும் எஞ்சின் பள்ளத்துப் பக்கம்தான். நடுவே ஒரு கொக்கி அறுந்தால்கூடப் பெட்டிகள் தனியே உருண்டோட வழியில்லை. ஆனால் இதில் ஒரு சிக்கல்: பின்னால் இருக்கும் எஞ்சின் டிரைவருக்கு முன்னே பாதையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. யானை நிற்கலாம், பாறை விழுந்து கிடக்கலாம். அதற்காகத்தான் பெட்டிகளின் முகப்பில் பிரேக்ஸ்மேன்கள் நிற்கிறார்கள். முன்பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். அடுத்தடுத்து நிற்பவர்கள் அதை வாங்கிப் பின்னால் கடத்துவார்கள். பச்சையா சிவப்பா என்பது ஆள் ஆளாய்க் கைமாறி எஞ்சினுக்குப் போய்ச் சேரும். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரும் தம் பெட்டியின் பிரேக்கைத் தாமே பிடிப்பார்கள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினமான வேலை என்பதையும் சொல்லிவையுங்கள். 100 டன் எடை தானாக உருளத் துடிக்கும்போது அதைத் தடுத்துத் தடுத்துக் கொண்டுவர வேண்டும். பிரேக் கட்டையை மட்டும் நம்பினால் சூடேறித் தேய்ந்துவிடும். அதனால் எஞ்சினின் சிலிண்டர்களையே காற்றை அழுத்தும் பம்புகளாக மாற்றி, அந்த எதிரழுத்தத்தால் வேகத்தை அடக்குகிறார்கள். அதன்மேல் கைப்பிரேக், வேக்குவம் பிரேக், பல்சக்கர அச்சைப் பிடிக்கும் தனிப் பிரேக் என்று அடுக்கடுக்கான காவல். 1899 முதல் ஓடும் ரயில் இந்தக் காவல்களை நம்பித்தான் தினமும் இறங்குகிறது.

கல்லாறு வரைக்கும் பாக்குத்தோப்பும் சமவெளியும். கல்லாறில் வண்டி மெல்லத் தயங்கும். பல்சக்கரம் பல்லில் சரியாகப் பொருந்த வேண்டுமே! பாதையின் வாசலில் உள்ள முதல் சட்டம் ஸ்பிரிங்கின்மேல் அமர்ந்திருக்கும். சக்கரப் பல்லும் சட்டப் பல்லும் மோதினால் அது அமுங்கிக்கொடுத்து, இடைவெளி கிடைத்ததும் எழுந்து பொருந்தும். சட்டங்களும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வரும்படி வைத்திருப்பார்கள். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் 1882-இல் காப்புரிமை பெற்ற முறை இது. அவர் பெயராலேயே ஆப்ட் முறை என்கிறார்கள்.

பிறகு காடு. ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். பணியாளர்கள் இறங்கி அச்சுகளுக்கு எண்ணெய் விடுவார்கள். பிள்ளைகள் குரங்குகளைப் பார்ப்பார்கள், குரங்குகள் சோற்றுப் பொட்டலத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் பத்துப் பிள்ளைகளையாவது எஞ்சின் பக்கம் அழைத்துப் போங்கள். மேலே போகப் போகக் காடு மாறித் தேயிலை வரும். இன்னும் மேலே தைலமரம். புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்குத் தைலமரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் முந்திரிக்காட்டுக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாய் நிற்பதும் நிலத்தடி நீர் பற்றி ஊர் ஊராய்ப் பேசப்படுவதும் அவர்களுக்குத் தெரியும். அதே மரத்தை வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு விறகுக்காகக் கொண்டுவந்த கதையைச் சமூக அறிவியல் ஆசிரியர் அந்த ஜன்னலோரத்திலேயே தொடங்கிவிடலாம்.

வரலாற்றை நான் சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன்; அதில் வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம், அதனாலேயே பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது. இந்த மலைக்கு ரயில் வேண்டும் என்ற யோசனை 1854-இல் பிறந்தது. 1882-இல் நிக்லாஸ் ரிகன்பாக் என்ற சுவிஸ் பொறியாளர் நீலகிரிக்கு வந்து பார்த்துத் திட்டம் கொடுத்தார். ரிகி மலையில் 1871-இல் ஐரோப்பாவின் முதல் மலைப் பல் ரயிலை ஓடவிட்டவர் அவர். அதற்கும் இரண்டு ஆண்டு முன்பே அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் இப்படி ஒரு ரயில் ஏறிவிட்டது. இங்கே வந்த திட்டத்துக்குப் பணம் சேரவில்லை. கம்பெனி தொடங்கினார்கள், கலைந்தது. இன்னொன்று தொடங்கினார்கள், 1891-இல் வேலை ஆரம்பித்து, பாதியில் அதுவும் திவாலானது. மூன்றாவது முயற்சியில்தான், ஒரு காலத்தில் ரிகன்பாக்கிடம் வேலை பார்த்த ஆப்ட்டின் பல் முறையில், 1899 ஜூனில் குன்னூர் வரை ரயில் வந்தது. உதகைக்கு வந்து சேர 1908 ஆயிற்று. யோசனையிலிருந்து முழுப் பாதைக்கு 54 ஆண்டுகள். ஒரு தேர்வில் தவறியதற்கே உலகம் முடிந்ததாக நினைக்கும் பிள்ளைக்கு இந்த ஆண்டுக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டார்ஜிலிங் ரயிலுக்கு 1999-இலேயே அந்தப் பெருமை கிடைத்திருந்தது. டார்ஜிலிங் ரயில் பல் இல்லாமல், சுற்றியும் முன்பின்னாக நகர்ந்தும் மலை ஏறுகிறது. ஒரே சிக்கலுக்கு இரண்டு பொறியாளர்கள் கண்ட இரண்டு விடைகள் என்று வகுப்பில் பேசலாம்.

அடுத்து நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்த மடலை மற்ற மாவட்டத்தாருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். சுவிட்சர்லாந்து எஞ்சின்களுக்கு வயதாகிவிட்டது. புதிது வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது? நீராவி எஞ்சின் செய்யும் தொழிற்சாலைகள் உலகெங்கும் பெரும்பாலும் மூடிப் பல காலம் ஆயிற்று. கடைசியில் அதைச் செய்து கொடுத்தது நம் பக்கத்து வீடு. திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்.

கீரனூர், குளத்தூர், விராலிமலைப் பக்கத்தவர்களுக்குப் பொன்மலையை விளக்க வேண்டியதில்லை. விடிகாலை ரயிலைப் பிடித்துப் பொன்மலைக்கு வேலைக்குப் போன தலைமுறை ஒன்று நம் ஊர்களில் உண்டு. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை 1920-களில் பொன்மலைக்கு மாறியது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்ததும் அதே பத்தாண்டில்தான், 1929-இல். அப்போது நாம் தொண்டைமான் சமஸ்தானம். அந்தப் பொன்மலைப் பட்டறையில்தான் 2010-களின் தொடக்கத்தில் எண்ணெயில் ஓடும் நான்கு புதிய எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்களைச் செய்தார்கள். 2021-இல் நிலக்கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றையும் செய்து மலைக்கு அனுப்பினார்கள். கொதிகலன், சிலிண்டர், பல்சக்கரம் என்று ஆயிரக்கணக்கான பாகங்களைக் கடைந்து, வார்த்து, பொருத்திச் செய்தவர்கள் நம்மைப் போலத் திருச்சிப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் வியட்நாமைப் பார்க்க வேண்டும். தலாத் மலைக்கும் இதே ஆப்ட் முறையில், இதே வின்டர்தூர் எஞ்சின்களோடு ஒரு ரயில் இருந்தது. போரில் பாதை பாழானது. பல் சட்டங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். கைவிடப்பட்டுக் கிடந்த எஞ்சின்களை 1990-இல் சுவிட்சர்லாந்து ஆர்வலர்கள் விலைக்கு வாங்கித் தங்கள் ஊருக்கே கொண்டுபோய், பழுது பார்த்து அங்கே ஓட்டுகிறார்கள். பழையதைப் பாதுகாக்க ஆள் இல்லாத ஊரின் எஞ்சின் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. நம் ரயிலுக்கு அந்த நிலை வராமல் இருப்பதற்கு யுனெஸ்கோ கொடுத்த சான்றிதழ் மட்டும் காரணம் இல்லை. பொன்மலையில் லேத்தின் முன் நிற்பவர்களும், குன்னூர் ஷெட்டில் கொதிகலன் கழுவுகிறவர்களும், ஐப்பசி கார்த்திகையில் சரிந்த மண்ணை அள்ளி மறுபடி பாதை போடும் கேங்மேன்களும்தான் காரணம். குடுமியான்மலையிலும் சித்தன்னவாசலிலும் மலையடிப்பட்டியிலும் உளியால் குடைந்த குகைகளைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, பாறையில் வேலை செய்வது என்றால் என்னவென்று நாம் சொல்லாமலே தெரியும். வழியிலுள்ள சுரங்கங்களுக்குள் போகும்போது கூச்சல் போடட்டும். வெளியே வந்ததும் பாறையில் உள்ள வெட்டுத் தடத்தை ஒரு நிமிடம் பார்க்கட்டும்.

இனி நடைமுறை. நீங்கள் மனத்துக்குள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. டிக்கெட் கிடைக்குமா என்று ஒரு கேள்வி இருக்கிறதே. உண்மை; நீராவி வண்டியில் இடம் குறைவு. சித்திரை, வைகாசியில் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். முன்பதிவு திறக்கும் நாளிலேயே உட்கார வேண்டும். கூட்டமாகப் போவதென்றால் ரயில்வேக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் விண்ணப்பித்துவிடுவது நல்லது. வகுப்பு முழுவதற்கும் இடம் கிடைக்காவிட்டால் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவை மட்டும் ரயிலில் அனுப்பிவிட்டு மற்றவர்களைப் பேருந்தில் அழைத்துப் போகலாம். மறு ஆண்டு அடுத்த பிரிவு. ஒருவருக்கும் இடம் கிடைக்காத நிலையிலும், விடிகாலையில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் அரை மணி நேரம் நின்று, எஞ்சின் வந்து பெட்டியோடு சேர்வதையும், பிரேக்ஸ்மேன்கள் தத்தம் இடத்தில் ஏறுவதையும், வண்டி கிளம்புவதையும் பார்க்கலாம். பேருந்துக் கட்டணத்துக்கு மேல் பெரிய செலவு ஆகாது.

காலம் முக்கியம். ஐப்பசி முதல் மார்கழி தொடக்கம் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயில் பல நாள் நின்றுவிடும். தை, மாசி நல்ல மாதங்கள். வானம் தெளிந்திருக்கும், பள்ளத்தாக்கு அடிவரை தெரியும். காலையில் குளிரும், ஒவ்வொருவருக்கும் ஸ்வெட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத பிள்ளைக்கு ஊரிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். அங்கே போய் அது நடுங்குவதை மற்றவர்கள் பார்க்கக் கூடாது. நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. பேருந்துக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அந்த மாவட்டத்தில் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துவரச் சொல்லலாம்.

பேருந்தை மேட்டுப்பாளையத்தில் இருந்து காலியாக மேலே அனுப்பிக் குன்னூர் ஸ்டேஷனில் நிற்கச் சொல்லுங்கள். ரயில் காலை பத்தரை மணி வாக்கில் குன்னூர் வந்துவிடும். அங்கேயே இறங்கிக்கொள்ளலாம், பல் பாதை அதோடு முடிகிறது. அதற்குப் பிறகு சிம்ஸ் பூங்கா, தொட்டபெட்டா, ஊட்டி எல்லாம் இருக்கவே இருக்கின்றன. இழப்பது மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் பேருந்தில் போயிருந்தாலும் பாதி உறக்கத்திலும் பாதி வாந்தியிலும்தான் போயிருக்கும்.

மூன்று மணி நேரம் மெதுவாகப் போகும் ரயிலில் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொறுமையாக உட்காருவார்களா என்று ஒரு இளம் ஆசிரியை என்னிடம் கேட்டார். வேலையில்லாமல் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள், செல்போனை எடுத்துவிடுவார்கள். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். ஒருவர் சுரங்கங்களை எண்ணட்டும். ஒருவர் கிலோமீட்டர் கல்லையும் கடிகாரத்தையும் பார்த்து வேகம் குறிக்கட்டும். ஸ்டேஷன் பலகைகளில் உயரம் எழுதியிருக்கும். அதை ஒருவர் குறித்து, தூரத்துக்கும் உயரத்துக்கும் வரைபடம் போடட்டும். ஒருவர் பிரேக்ஸ்மேனின் கொடியைப் பார்த்து, எந்த இடத்தில் எந்த நிறம் என்று எழுதட்டும். குன்னூரில் இறங்கியதும் நாலு பேரின் தாளையும் சேர்த்துப் பார்த்தால் கல்லாறு முதல் குன்னூர் வரை சராசரிச் சாய்வு 15-க்கு 1 அளவில் வரும். பாடநூலில் அச்சிட்ட விடையைப் பார்க்காமல், தாங்களே அளந்து கண்ட முதல் விடையாக அது சில பிள்ளைகளுக்கு இருக்கக்கூடும்.

முடிக்கும்முன் இன்னும் ஒரு விண்ணப்பம். டூர் முடிந்து வந்த பிறகு, எல்லாரும் படம் காட்டிக்கொண்டிருக்கும்போது, “அந்தப் பல் தேய்ந்தால் யார் சார் மாற்றுவார்கள்?” என்று ஒரு பையனோ பெண்ணோ உங்களிடம் வந்து கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பொன்மலையைச் சொல்லுங்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரும் டர்னரும் வெல்டரும் படித்தவர்களை அங்கே அப்ரண்டிஸாக எடுக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பாலிடெக்னிக்கையும் பொறியியலையும் பற்றிச் சொல்லுங்கள். மலை ரயில் இன்னும் பல்லாண்டு ஓட வேண்டுமானால் அதற்கு அடுத்த எஞ்சினைச் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆள் இப்போது நம் மாவட்டத்தில் ஏதோ ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அவரை மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப் போகும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

என்றும் உங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கீரனூர்.